பதில் தட்டாத நான்கு மாதம்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக இருந்தோம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்கிற கடையில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரர் எனக்குப் போன் போட்டார்.

"ஏளா, பேரு கேக்காவ. என்ன சொல்ல?"

"டிக்ஷனரி அண்ணாச்சின்னு போடச் சொல்லுங்க."

"அது பேராளா?"

பிறகு ரேஷன் கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். ந. ஆறுமுகநயினார். போர்டில் ஒரு வரி முழுக்க அதற்கே சரியாக இருந்தது. இவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை வருடமும் நான் வைத்த பெயருக்கே திரும்பிப் பார்த்திருக்கிறார்.

அண்ணாச்சியின் நாற்பத்தொன்றாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடப்போவதாகவும், முத்தையாபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் அவர் மகள் விசாலம் கேட்டாள். நான் அஞ்சாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன். "பேசுதத அப்படியே எழுதுங்கக்கா" என்றாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் புத்தகத்தை யாரும் வீட்டில் வைக்க முடியாது. அதனால் கொஞ்சம் அடக்கி எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்திவிட்டாள். மற்ற பிழைகள் என்னுடையவை. அவற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் தெரு நடுவில் அவரைப் போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலையில் குழாயில் தண்ணீர் வந்து நின்றும் போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. என் வீட்டில் ஆறு குடமும் காலி. அடுத்த தண்ணீர் எத்தனை நாள் கழித்து வரும் என்று யாருக்கும் தெரியாது. வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "பாத்தியளா, டிக்ஷனரி எனக்குத் தட்டாமலே தண்ணியப் பிடிச்சிட்டு உள்ள போய்ப் படுத்திட்டாரு. நாலு மாசமா மனசுல வச்சிருந்து இன்னைக்குப் பழி வாங்கிட்டாரு." துண்டை மடித்துத் தோளில் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கக்கத்தில் நோட்டு இருப்பது போலக் கையை வைத்து, அவர் நடப்பது போலவே கால் மாற்றிக் கால் வைத்து நடந்தேன். தெரு சிரித்தது. சிரிக்கச் சிரிக்க நானும் இன்னும் இரண்டு நடை கூட நடந்தேன்.

என் வீட்டுக்கு மறுபக்கத்து வீடு ஜெசிந்தா அக்காவுடையது. அவர்தான் அண்ணாச்சி வீட்டுக் கதவில் பால் பாக்கெட் பை இன்னும் தொங்குவதைப் பார்த்தவர். வெயில் அதன்மேல் ஏறியிருந்தது. போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்து, "கனி, போதும்ளா" என்றார். அப்போது என் ஒரு கால் தூக்கியபடி இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். தண்ணீர் வருவதற்கு வெகு நேரம் முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். யாரும் எதுவும் செய்திருக்க முடியாதாம். அது எனக்கு ஆறுதலாகச் சொன்னது. நான் ஆறவில்லை.

தட்டுவது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று கணக்கு இல்லை. வந்தால் முதலில் அண்ணாச்சி வீட்டுக் குழாயில்தான் புஸ்ஸென்று காற்று வரும். பிறகு எனக்கு, எனக்குப் பிறகு ஜெசிந்தா அக்காவுக்கு. நாங்கள் குடி வந்த புதிதில் இரண்டு தடவை தண்ணீரை விட்டுவிட்டேன். அண்ணாச்சி அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டுக் கூப்பிட்டா நல்லா இருக்காது. நான் சுவத்துல மூணு தட்டு தட்டுதேன். கேட்டுச்சுன்னா நீ ரெண்டு தட்டு."

"தட்டலேன்னா?"

"கேக்கலன்னு அர்த்தம். மறுபடி தட்டுவேன்."

"நான் செத்துக் கித்துப் போயிருந்தேன்னா அண்ணாச்சி?"

"தட்டிக்கிட்டே இருப்பேன். நீ சண்டைக்காவது எந்திரிச்சு வந்துருவ."

அவர் தட்டுவது ஒரு பழைய டைப்ரைட்டரின் உருளையால். கறுப்பு ரப்பர். வேலை பார்த்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்ரைட்டர்களைக் கழித்தபோது இதை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார். சத்தம் மெத்தென்று வரும், ஆனால் கேட்கும். நான் பதில் தட்டுவது தோசைக் கரண்டியின் காம்பால். மூன்று, இரண்டு. ஆறு குடமும் தூக்கி முடிக்கிற வரை வேறு பேச்சு தேவைப்பட்டதில்லை.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டு ஊரிலிருந்து இங்கிலீஷ் படித்து வந்தவர் அவர். முப்பது வருடம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கடிதம் அடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு நோட்டுப் போட ஆரம்பித்தார். இங்கிலீஷில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதைத் தமிழில் யார் யார் எப்படி எப்படிச் சொல்வார்கள் என்று தெருத் தெருவாகக் கேட்டு எழுதுவார். அப்படித்தான் ஒரு நாள் 'அலாங்சைடு' வந்தது. கப்பல் வந்து துறைமுகத் தளத்தோடு அணைந்து நின்றால் ஆபீஸில் அதைத்தான் அடிப்பார்களாம். "முப்பது வருசமா அடிச்சிருக்கேன். மனுசனுக்கும் இதே சொல்லத்தான் போடுதான் வெள்ளக்காரன். மத்தவங்களோட அலாங்சைடு வாழுறது. நம்மகிட்ட அதுக்கு என்னல்லாம் இருக்குன்னு பாக்கணும்" என்றார்.

ஜெசிந்தா அக்கா 'அக்கம்பக்கமா இருக்கது' என்று சொன்னார். டீக்கடைக்காரர் 'அனுசரிச்சுப் போறது' என்றார். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர், அவர் யோசித்து யோசித்து 'சைடு குடுத்துப் போறது' என்றார். அண்ணாச்சி அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, கோடு போட்டு எழுதிக்கொண்டார். என் முறை வந்தது. நான் 'முட்டிக்கிட்டுக் கெடக்கது' என்றேன்.

"நல்லா இருக்கு. வாக்கியத்துல வச்சுச் சொல்லு."

"டிக்ஷனரி அண்ணாச்சியும் அவரு வீட்டுக் கொசுவும் முட்டிக்கிட்டுக் கெடக்காவ."

ஒரு எழுத்து விடாமல் எழுதினார். பக்கத்தில் 'செல்வக்கனி, உப்பு பாக்கெட் கம்பெனி' என்று என் பெயரையும் போட்டார். பாருங்கள், என் முழுப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எழுதியதோடு விட மாட்டார். எந்தச் சொல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது அவருக்கு முக்கியம். "அனுசரிச்சுப் போறதுங்கது ஒரு ஆளுதான் செய்யுறது. மருமவகிட்டதான் சொல்லுவாவ. எந்த மாமியாகிட்டயாவது எவனாவது அனுசரிச்சுப் போன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?" என்பார். மாமியார் எனக்கு ஒன்று இருந்தது, அதனால் இதை நான் உடனே ஒத்துக்கொண்டேன். "அக்கம்பக்கம்னா ஆளுவளச் சொல்லுது. தீப்பிடிச்சா வருவாவ. சாப்பிட்டியான்னு கேக்க வரணும்னு அதுல இல்ல" என்பார்.

ஒரு தடவை டவுனுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் நான், ஜெசிந்தா அக்கா, அண்ணாச்சி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். "இதுதான அண்ணாச்சி உங்க அலாங்சைடு?" என்று கேட்டேன். "இதுக்குப் பேரு டேமேஜ்" என்றார். பிறகு இறங்குகிற வரைக்கும் விளக்கினார். "கப்பல் தளத்தோட ஒட்டிக்கிட்டு நிக்காது கனி. ஒட்டுனா ரெண்டும் உடையும். நடுவுல பெரிய பெரிய ரப்பரு கட்டியிருப்பான். கயிறுலயும் ஒருத்தன் கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும். தண்ணி ஏறும், எறங்கும். இறுக்கிக் கட்டுனா அறுந்துரும், ரொம்ப விட்டா கப்பல் அங்கன போயிரும். நாளு பூரா கொஞ்சம் விடணும், கொஞ்சம் இழுக்கணும்." நான் எப்போதும் போல, "நீங்க கயிறு விடுறதுல கெட்டிக்காரரு அண்ணாச்சி" என்று சொல்லி பஸ்ஸைச் சிரிக்க வைத்தேன். அவரும் சிரித்தார். அவரை வைத்துச் சிரித்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதனால்தான் என்னால் இருபத்திரண்டு வருடம் அவரை வைத்துப் பிழைக்க முடிந்தது.

இனி வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு தண்ணீர் நாள். எல்லாரும் வாசலில் குடத்தோடு இருந்தோம். அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டை விரித்தார். 'டாலரேட்' என்ற இடத்துக்கு வந்திருந்தார். அலாங்சைடுக்கு அதுவும் பக்கத்துச் சொல்தானாம். பொறுத்துக்கொண்டு வாழ்வது. "இதுக்கு ஒரு உதாரணம் எழுதியிருக்கேன், கேளுங்க" என்று கண்ணாடியை இறக்கி வாசித்தார். "நான் அடுத்த வீட்டுக் கனியைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறேன்."

தெரு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் சிரிக்க வைத்தபோதெல்லாம் அந்த அளவுக்குச் சிரித்ததில்லை. டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அத்தனை பேரையும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவள், நடந்து காட்டியவள், கொசுவோடு சேர்த்துப் பேசியவள், என்னைப் பற்றி ஒரே ஒரு வரி வந்ததும் பொறுக்க முடியாமல் போய்விட்டேன்.

அடுத்த தண்ணீருக்கு மூன்று தட்டு கேட்டது. கரண்டியைக் கையில் எடுத்தேன். தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. பிறகு இன்னொரு மூன்று. நான் சத்தம் இல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்தேன். அண்ணாச்சி வெளியே வந்து, என் குடத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எனக்கு அது ருசியாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ருசியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தண்ணீருக்கும் அதே கதை. அவர் மூன்று தட்டுவார், நிறுத்துவார், மறுபடி தட்டுவார். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் வழியில் கேட்டார், "தட்டுறது கேக்கலயாளா?"

"காதுல உப்பு அடைச்சிருக்கு அண்ணாச்சி."

"அப்பம் கொஞ்சம் பலமா தட்டுதேன்" என்றார்.

பலமாகவே தட்டினார். எழுபது வயதுக்கு மேல் ஆன மனிதர். நான்கு மாதத்தில் அந்த மூன்று தட்டின்றி நான் ஒரு குடம் தண்ணீர் பிடித்ததில்லை. இரண்டே இரண்டு தட்டு, அதற்கு எனக்குக் கை வரவில்லை. கடைசியில் ஒரு காலையில் தட்டு கேட்கவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று அல்ல. பழி வாங்கிவிட்டார் என்று. மனசுக்குள் நான் என்ன செய்துகொண்டிருந்தேனோ அதையே அவரும் செய்வார் என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "என்ன இருந்தாலும் அண்ணாச்சி அன்னைக்கு அப்படி வாசிச்சிருக்கக் கூடாதுக்கா."

"எத?"

"பொறுத்துக்கிட்டு வாழுதேன்னு."

"அத விட அடுத்த வரிக்குத்தானளா நாங்க ரொம்பச் சிரிச்சோம்."

அடுத்த வரி இருந்திருக்கிறது. 'கனி என்னைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறாள், அது இதைவிடக் கஷ்டம்' என்று. நான் கதவைச் சாத்திய பிறகு வாசித்திருக்கிறார்.

"ஏன்க்கா எங்கிட்ட யாரும் சொல்லல?"

"நீ கோவமா இருக்கன்னு யாருக்குத் தெரியும்? நீ எல்லாத்தயும் வெளாட்டுக்குத்தான செய்வ" என்றார் ஜெசிந்தா அக்கா. குத்திச் சொல்லவில்லை. சாம்பலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

பதினாறாம் நாள் சாயங்காலம் விசாலம் நோட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் பகுதியை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். அலாங்சைடுக்கு மட்டும் ஏழு பக்கம். எல்லார் பெயரும் இருந்தது. கொசுவும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் தேதி தேதியாகச் சின்னச் சின்ன வரிகள். கப்பலுக்குத் தந்தி அடிப்பது போல. "மூன்று தட்டினேன். பதில் இல்லை. குடம் வைக்கும் சத்தம் கேட்கிறது. அலாங்சைடு." அடுத்த தேதியிலும் அதே. அதற்கு அடுத்ததிலும் அதே. நான்கு மாதத்துத் தண்ணீர் அத்தனையும் இருந்தது. எனக்குக் கேட்கிறது என்று அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் தட்டியிருக்கிறார்.

"இது என்னக்கா? அப்பா என்னத்த எழுதியிருக்காங்க?" என்று விசாலம் கேட்டாள்.

"தண்ணி வந்த நாளு" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

விசாலம், நீ கேட்டதற்கு நான் அன்றைக்குச் சொன்ன பதில் பாதிதான். மீதி இதுதான். உன் அப்பாவைத் தெரிந்தவர்கள் எல்லாரும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்லது எழுதத் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை எழுத நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

நோட்டை விசாலம் பெங்களூருக்கு எடுத்துப் போகிறாள். அது அவளுக்குத்தான் சேர வேண்டும். நான் டைப்ரைட்டர் உருளையைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் தந்தாள். அண்ணாச்சி வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. அங்கே குழாயை மூடிவிட்டார்கள், அதனால் தெருவில் முதல் காற்று என் குழாயில்தான் வருகிறது. எனக்கு அடுத்து ஜெசிந்தா அக்கா. அவருக்கு இதுவரை யாரும் தட்டியதில்லை. நான் குடம் உருட்டுகிற சத்தம்தான் அவருக்கு மணி. இனிமேல் முறைப்படி தட்டுவது என்று முடிவு செய்து, மூன்றுக்கு இரண்டு என்று அவரிடம் சொல்லியும் வைத்தேன்.

நேற்றுக் காலை தண்ணீர் வந்தது. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு உள்ளே ஓடி, உருளையை எடுத்து ஜெசிந்தா அக்கா சுவரில் மூன்று தட்டினேன். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தட்டினேன். பதில் இல்லை. அப்போது கொஞ்சம் பலமாகத் தட்டினேன். அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. ஜெசிந்தா அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு என் வாசலுக்கு வந்து, சுவர்க் கடிகாரம் விழுந்துவிட்டது என்றும், தான் இவ்வளவு நேரமும் வெளியே குழாயடியில்தான் நின்றதாகவும், இரண்டு குடம் பிடித்தாகிவிட்டது என்றும் சொன்னார். நான் போய்ப் பார்த்தபோது என் குடம் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் நின்றிருந்தது.